கடற்கரைக்குக் கூட்டிப்போகுமுன்

2022 நவம்பர் 27 அன்று மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கென மரப்பாதை திறந்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் அலையின் பக்கத்திலேயே போய்ப் பார்க்க முடிந்தது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பிய்த்துப்போட, பிறகு சீர்செய்தார்கள். சிறப்புப் பள்ளிகளும் இல்லங்களும் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிவர இது பெரிய வசதி. ஆபத்து என்று சொல்லி அவர்களை நாலு சுவருக்குள் உட்காரவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கூட்டிப்போகிறவர்களின் பொறுப்பு வேன் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

யார் யாருடைய பொறுப்பில்?

"எல்லாரும் பசங்களைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். இன்ன பிள்ளை இன்னாருடைய பொறுப்பு என்று புறப்படுமுன்பே பெயர் சொல்லிப் பிரித்துவிட வேண்டும். ஆயாம்மா கழிவறைக்குப் போவதானாலும், "டீச்சர், இவனைப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லி, "சரி" என்ற பதில் வந்தபிறகுதான் கையை விடவேண்டும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் நாலு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது பாதுகாப்பான இடத்தைவிட்டுப் போக முயன்றதாகப் பெற்றோர் சொன்னார்கள். இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு. பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள். வேனுக்குள் தேடுவது பிறகு. அன்று காலை, அன்றைய உடுப்பிலேயே எடுத்த புகைப்படம் செல்போனில் இருந்தால் போலீஸுக்குக் காட்ட உதவும்.

தண்ணீர் தராத தந்திரம்

இதை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். வழியில் கழிவறைக்குத் தூக்கிப்போக வேண்டுமே, டயப்பர் மாற்ற இடமிருக்காதே என்று காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. தாகம் என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் இது கொடுமை.

சென்னை வெயிலில் ஆபத்தும்கூட. வலிப்புக்குத் தரும் டோபிரமேட் போன்ற மருந்துகள் சிலருக்கு வியர்வையைக் குறைக்கும். தண்டுவடத்தின் மேல்பகுதி பாதித்தவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. வியர்க்காத உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் தவிக்கும். முகம் சிவந்து, உடம்பு கொதித்து, கூப்பிட்டால் சோர்ந்துபோய்ப் பார்த்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். தெளிவு குறைந்தால் 108-ஐ அழையுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 92, தன் பொறுப்பில் இருப்பவருக்குத் தெரிந்தே உணவோ நீரோ தர மறுப்பதைக் குற்றம் என்கிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதம். முதல்நாளே ஓர் ஆள் போய்ச் சக்கர நாற்காலி நுழையும் கழிவறை எங்கே என்று பார்த்துவந்தால் இந்தத் தந்திரத்துக்கே தேவையிருக்காது.

வலிப்பு, சுண்டல், சுடுமணல்

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க யாராவது ஓடிவருவார்கள், தடுத்துவிடுங்கள். வாயில் எதையும் வைக்க வேண்டாம், கைகாலை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். தலைக்கடியில் துண்டு வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ 108. தண்ணீருக்குள் வலிப்பு வந்தவரை, நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும்.

மெரினாவில் பாசமாகச் சுண்டல் வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. விழுங்கச் சிரமப்படும் பெருமூளை வாதப் பிள்ளைக்கு ஒரு பட்டாணி போதும், மூச்சு அடைக்க. அன்பாகவே மறுத்துவிடலாம். காலில் உணர்ச்சியில்லாதவர்களை மணலில் வெறுங்காலோடு விடாதீர்கள்; தோல் வெந்துபோவதே தெரியாது.

கையெழுத்து வாங்கினால் போதுமா?

"எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற வரியோடு ஒப்புதல் படிவம் வரும். அலட்சியத்தால் உயிர் போனால் பாரதிய நியாய சம்ஹிதா 106-ஆம் பிரிவு பாயும்; பெற்றோர் போட்ட கையெழுத்து அதைத் தடுக்காது. கையெழுத்துப் போடுமுன் மூன்றே கேள்வி கேளுங்கள்: என் பிள்ளை யார் பொறுப்பில்? அவன் மருந்து யார் பையில்? கழிவறைக்கு எங்கே கூட்டிப்போவீர்கள்? தயங்காமல் பதில் வந்தால் அனுப்புங்கள்.