சர்வருக்கு எத்தனை கால்?

'சர்வர்' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது 1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' நாகேஷ்தான். அந்த சர்வருக்கு இரண்டே கால். ஆபீஸ் மூலையில் ஏ.ஸி. போட்டு உட்கார வைத்திருக்கிறோமே, அந்த சர்வருக்கு எத்தனை 'கால்' என்று கேட்டால் விற்கிற டீலரே தலையைச் சொறிவார்.

காரைக்கால் பாரதியார் வீதியில் ஒரு ஏஜென்ஸி இருப்பதாக வைத்துக்கொள்வோம். துறைமுகத்துச் சரக்கு வேலை. சம்பளப் பட்டியலில் 22 பேர். ஒருநாள் முதலாளி அக்கவுண்டன்டைக் கூப்பிடுகிறார்.

"தம்பி, புது சர்வர் போடணும். சாயங்காலத்துக்குள்ள மொத்தச் செலவையும் ஒரு சீட்டுல எழுதிக் குடு. அப்புறமா வந்து 'அது வேற, இது வேற'ன்னு தலையைச் சொறியக் கூடாது, ஆமா!"

வம்பே அந்தக் கடைசி வரியில்தான். பெட்டி விலை யாரைக் கேட்டாலும் கிடைக்கும். சாஃப்ட்வேர் லைசென்ஸில்தான் 'அது வேற, இது வேற' மட்டுமே இருக்கிறது. குறைத்து எழுதிக் கொடுத்தால், நாளைக்குத் திட்டு வாங்கப் போவது டீலர் அல்ல, நம் தம்பி!

விண்டோஸ் சர்வரையே எடுத்துக்கொள்வோம். 2016 பதிப்பிலிருந்து பிராசஸருக்குள் இருக்கும் 'கோர்' கணக்குக்குத்தான் காசு. சின்ன மெஷின், 8 கோர்தான் என்று கெஞ்சினாலும் 16 கோருக்குக் குறைந்து கிடையாது. (ஒண்டிக்கட்டைக்கும் ஃபேமிலி ரூம் வாடகை!) 24 கோர் இருந்தால் 24-க்கும் கட்டணும். 2024 நவம்பரில் வந்த 2025 பதிப்புக்கு, ஸ்டாண்டர்ட் ரகத்தில் 16 கோருக்கு அறிவித்த விலை 1,176 டாலர். ஆகவே, வேகமான மெஷின் என்று டீலர் தலையில் கட்டுகிற கூடுதல் கோருக்கு இரண்டு தடவை அழ வேண்டும். பெட்டிக்கு ஒரு தடவை, லைசென்ஸுக்கு ஒரு தடவை.

இவ்வளவு கட்டினாலும் அது சர்வரை ஓட்டத்தான். அதைத் தொடுவதற்கு ஒவ்வொருவருக்கும் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அதன் பெயர்தான் 'கால்'!

இதில் இரண்டு ஜாதி. ஆளுக்கு வாங்குவது ஒன்று. மெஷினுக்கு வாங்குவது இன்னொன்று. ஆள் கால் வாங்கினால் அந்த ஒருவர் கம்ப்யூட்டர், லேப்டாப், செல்போன் என எதிலிருந்தும் நுழையலாம். மெஷின் கால் வாங்கினால் அந்த ஒரு மெஷினில் எத்தனை பேர் வேண்டுமானாலும் மாறி மாறி உட்காரலாம்.

நம் ஏஜென்ஸியில் எடை மேடையிலும் கேட்டிலுமாக 4 கம்ப்யூட்டர். மூன்று ஷிஃப்டில் 12 பேர். மீதி 10 பேர் ஆபீஸில், ஆளுக்கொரு கம்ப்யூட்டரும் போனுமாக. கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் 22 கால். யோசித்து எழுதினால் ஆபீஸ்காரர்களுக்கு 10, ஷிஃப்ட் மெஷின்களுக்கு 4, ஆக மொத்தம் 14. எட்டுக் கால் மிச்சம்!

ஆனால் பழைய 2022 கால் கையில் இருக்கிறதே என்று 2025 சர்வருக்கு மாட்ட முடியாது. புது கால் பழைய சர்வருக்குச் செல்லும். பழசு புதுசுக்குச் செல்லாது.

அடுத்து, முதலாளியின் மாப்பிள்ளை. புதுச்சேரியில் இருந்தபடியே சர்வருக்குள் நுழைந்து டாலி பார்க்கணுமாம். அந்த 'ரிமோட் டெஸ்க்டாப்' வசதிக்கு, இருக்கிற கால் போதாது. அதற்கென்று இன்னொரு கால் தனியாக வாங்க வேண்டும். டாலி லைசென்ஸ் அது பாட்டுக்கு வேறு. பல பேருக்கென்றால் சில்வர் ஆகாது, கோல்டு. மாங்கனித் திருவிழா ஊர்க்காரருக்கு இது புதுசா என்ன? ஒரு மாங்கனியைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னொண்ணு எங்கே?" என்று பரமதத்தன் கேட்ட ஊராயிற்றே! அம்மையாருக்கு ஈசன் கொடுத்தார். தம்பிக்கு யார் கொடுப்பார்?

இந்த இடத்தில் முதலாளியின் சிநேகிதர் ஒருவர் மூக்கை நுழைப்பார்: "எதுக்குய்யா இவ்வளவு? சல்லிசா ஒரு 'கீ' வாங்கிப் போட்டுடலாம்!" காப்பிரைட் சட்டம் 63-பி பிரிவை அவர் படித்ததில்லை. தெரிந்தே திருட்டு சாஃப்ட்வேர் ஓட்டினால் 7 நாள் முதல் 3 வருஷம் வரை உள்ளே. அபராதம் 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை.

லினக்ஸ் போட்டால்? லைசென்ஸுக்குக் காசில்லை, காலே கிடையாது. பக்கத்துத் திருவாரூரில் கலெக்டராக இருந்து கம்ப்யூட்டர் நிர்வாகத்துக்குப் பெயர் வாங்கிய சி.உமாசங்கர், பிற்பாடு எல்காட் நிர்வாக இயக்குநரானதும் 2007 வாக்கில் அந்த நிறுவனத்தையே லினக்ஸ் பக்கம் திருப்பினார். ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ள மட்டும் என்றால் எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. டாலி விண்டோஸுக்கென்று எழுதியது என்பதுதான் இடிக்கிறது. தவிர, இலவசமும் கழுத்தறுக்கும்: 2029 வரை வரும் என்று நம்பியிருந்த சென்டோஸ் 8, 2021 டிசம்பரோடு நின்றுபோனது. அவசர அவசரமாக வேறு லினக்ஸுக்கு மாறியவர்களுக்கு ஆள்கூலி எகிறியது.

வரி? 18 சதவீத ஜி.எஸ்.டி. வாஞ்சூர் தாண்டி நாகூரிலோ நாகப்பட்டினத்திலோ வாங்கினால் வெளிமாநிலக் கொள்முதல், ஐ.ஜி.எஸ்.டி. ஆந்திரக் கரையோரத்து ஏனாமில் வாங்கினால் உள்ளூர்க் கொள்முதல், 9-ம் 9-ம்! வேடிக்கைதான். கூட்டிப் பார்த்தால் தொகை ஒன்றே. சாதாரணப் பதிவு என்றால் அதைத் திரும்ப வரவு வைக்கலாம். காம்போசிஷன் கடைக்காரருக்கு அது செலவுதான்.

சாயங்காலம். கோர், கால், மாப்பிள்ளைக்கு ஸ்பெஷல் கால், டாலி, வரி எல்லாம் எழுதிய சீட்டைத் தம்பி நீட்டுகிறார். முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்க்கிறார்.

"என்ன தம்பி, கால் பதினாலுன்னு போட்டிருக்கே? நம்மகிட்ட இருக்கிறது இருபத்திரெண்டு பேரு. நாற்பத்து நாலு இல்ல வரணும்?"