முன்னால் பிளேடு, பின்னால் பாரம்: ஏன்?

பெரம்பலூர், அரியலூர் பக்கக் கரிசல் காட்டில் மேடு தட்ட, டிராக்டரின் முன்னால் டோசர் பிளேடு மாட்டுகிறார்கள். விவரம் தெரிந்த ஓட்டுநர் பின்னாலிருக்கும் கொத்துக் கலப்பையைக் கழற்ற மாட்டார். சோம்பல் அல்ல, கணக்கு.

பிளேடு 300 கிலோ. முன் அச்சுக்கு 1 மீட்டர் முன்னே தொங்குகிறது. இரு அச்சுகளுக்கும் இடையே 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிளேடைத் தூக்கியதும் முன் அச்சு ஏற்றப்பலகையின் நடுக்கட்டையாகிவிடும். முன்சக்கரங்களில் 450 கிலோ கூடும், பின்சக்கரங்களில் 150 கிலோ குறையும். ஆனால் பெரும்பாலான டிராக்டர்களை உந்துவது பின்சக்கரம்தான். பாரம் குறைந்தால் பிடிப்பும் குறையும். ஈரக் கரிசலில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் கலப்பை, அதே விதிப்படி, இழந்த பாரத்தை மீட்டுத் தருகிறது. கூடவே முன் அச்சின் சுமையும் சற்றுக் குறையும்.

கனடாவில் பனி தள்ளும் பிளேடை பிக்கப் வண்டியில் மாட்டுவோர் பின்தொட்டியில் மணல்மூட்டை அடுக்குவதும் இதற்கே.

பிளேடு வாங்குமுன் முன் அச்சு எவ்வளவு தாங்கும் என்று வண்டியின் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.