போரூரை ஒட்டி ஓடும் கோடு

'அருகில் உள்ள மருந்துக்கடை' என்று செல்போனில் தட்டியதும் பட்டியல் வந்து விழுகிறது. நாடு முழுக்கப் பதிவான கடைகள் ஒவ்வொன்றுக்கும் தூரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் வராது. காஷ்மீரில் இருக்கும் கடையை எட்டிக்கூடப் பார்க்காமல் தள்ளுவதில்தான் வித்தை இருக்கிறது.

அன்டோனின் கட்மேன் 1984-ல் வெளியிட்ட ஆர்-ட்ரீ முறை, பக்கத்துப் பக்கத்து இடங்களைச் செவ்வகங்களில் அடைக்கிறது. அவற்றை இன்னும் பெரிய செவ்வகங்களில் அடைக்கிறது. பெரிய செவ்வகம் நாம் தேடும் வட்டத்தைத் தொடவில்லையென்றால், உள்ளே இருப்பவை மொத்தமும் கழிந்தன. இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் மென்பொருளுக்கும் இதே யோசனைதான் அடிப்படை.

2008-ல் குஸ்தாவோ நீமேயர் கொண்டுவந்த ஜியோஹாஷ் இன்னும் எளிது. உலகத்தைப் பாதியாக, அந்தப் பாதியைப் பாதியாக வெட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு தருகிறது. குறியீடு நீள நீளக் கட்டம் சிறுக்கும். சென்னை சென்ட்ரலின் குறியீடு 'டிஎஃப்3' என்று தொடங்கும். தொடக்கம் ஒத்துப்போகிறவை அருகருகே இருக்கும் என்பதால், சாதாரண வரிசைத் தேடலே போதும்.

சிக்கல் எல்லையில்தான். கட்டங்களைப் பிரிக்கும் கோடுகளில் ஒன்று 80.15625 டிகிரி தீர்க்கரேகை. அது போரூரை ஒட்டியே போகிறது. கோட்டுக்குக் கிழக்கே 'டிஎஃப்3', மேற்கே 'டிஎஃப்2'. காஞ்சிபுரமும் வேலூரும்கூட 'டிஎஃப்2'தான். ஆக, கோட்டுக்கு மேற்கே நிற்பவருக்கு 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேலூர் ஒரே கட்டம். கூப்பிடு தூரத்தில் கிழக்கே இருக்கும் கடை வேறு கட்டம். குறியீட்டின் தொடக்கத்தை மட்டும் நம்பி எழுதிய நிரல் அந்தக் கடையைக் காட்டவே காட்டாது. அவசரத்துக்கு மருந்து தேடுகிறவரிடம் இப்படிக் கடையை மறைப்பது சின்னப் பிழையல்ல. நிற்கும் கட்டத்தோடு சுற்றியுள்ள 8 கட்டங்களையும் சேர்த்தே தேட வேண்டும்.

தேடி மிஞ்சியவற்றுக்கு மட்டும் தூரம் கணக்கிடலாம். டிகிரி வித்தியாசத்தையே தூரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு டிகிரி தீர்க்கரேகை சென்னையில் சுமார் 108 கிலோமீட்டர். லண்டனில் சுமார் 69.

இவ்வளவு செய்தும் கிடைப்பது நேர்க்கோட்டுத் தூரம். அடையாற்றின் அக்கரை கண்ணுக்கெதிரே இருந்தாலும், பாலம் வழியாகச் சுற்றித்தான் போக முடியும். ரத்த வங்கி, பிரசவ ஆஸ்பத்திரி தேடும் செயலிகளாவது சாலை வழித் தூரத்தைக் காட்டியே ஆக வேண்டும். அதற்கான சாலைத் தரவு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இலவசமாகவே கிடைக்கிறது.