கடலுக்குக் கிளம்பும் முன் கம்ப்யூட்டரைப் பாருங்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குக் கடல் என்றால் திருச்செந்தூர் அல்லது கன்னியாகுமரிதான். வேன் பேசி, விடியும் முன் கிளம்பி, மூன்று நான்கு மணி நேரம் பயணம் செய்கிறோம். ஒரு முறை பௌர்ணமிக்கு மறுநாள் குடும்பத்தோடு கன்னியாகுமரி போய் இறங்கினால், கடல் உள்வாங்கியிருப்பதால் விவேகானந்தர் பாறைக்குப் படகு இல்லை என்றார்கள். வற்றும் நேரம் முன்பே இணையத்தில் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

சந்திரன், சூரியன் இரண்டின் ஈர்ப்பால் கடல் மட்டம் ஏறி இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். இன்று காலை 6 மணிக்கு வற்றினால், நாளை சுமார் 6.50க்கு வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்துகொள்வதால் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம்.

இது கணக்கு என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடலாம். 1870களில் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) இதற்கென்றே சக்கரங்களும் கப்பிகளும் கொண்ட இயந்திரத்தை வடிவமைத்தார். இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டர் நொடியில் செய்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது:

1. கூகுளில் இன்காய்ஸ் என்று தேடுங்கள். ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் மையம் இது. அதன் தளத்தில், போகும் ஊருக்கு அருகிலுள்ள துறைமுகத்தைப் பாருங்கள். திருச்செந்தூருக்கு தூத்துக்குடி.

2. நேரத்தைக் கவனியுங்கள். சில தளங்கள் கிரீன்விச் நேரத்தில் காட்டும். அப்படியானால் 5.30 மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

3. உயரம் மீட்டரில் இருக்கும். அது நீங்கள் குளிக்கும் இடத்தின் ஆழம் அல்ல. குஜராத்தின் பவநகர் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 10 மீட்டர் வரை வித்தியாசம் வரும். தூத்துக்குடியில் ஒரு மீட்டருக்குள்தான்.

4. அதே தளத்தில் அலை எச்சரிக்கையையும் பாருங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

காரணம், ஏற்ற வற்ற அட்டவணைக்கு அலையைப் பற்றித் தெரியாது. தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பலத்த காற்றில் எழும் நீண்ட அலைகள் இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து மோதும். கள்ளனைப் போல வருவதால் கேரள மீனவர்கள் இதைக் 'கள்ளக்கடல்' என்பார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். இன்காய்ஸின் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளிவந்திருந்தது.

எனவே நாள் குறிக்கும்போது அட்டவணையைப் பாருங்கள். கிளம்பும் அன்று காலை எச்சரிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால், கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, கடலைத் தள்ளி நின்று பார்த்துத் திரும்புங்கள். கடல் வற்றியிருக்கிறது என்றால் அமைதியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.