விலகி நின்ற சிவப்பு

பழைய தீப்பெட்டி லேபிள் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சேவல் கொண்டையின் சிவப்பு, கோட்டுக்குள் அடங்காமல் நூலளவு வெளியே வந்திருக்கும். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக அச்சேற்றும்போது தாள் மயிரிழை நகர்ந்தாலும் வரும் பிழை அது. அச்சகத்தில் திட்டு வாங்கித் தந்த பிழை!

இன்று கணினியில் வடிவமைப்பவர்கள் அதையே வேண்டுமென்று வரவழைக்கிறார்கள். போஸ்டரிலும் செயலித் திரையிலும் நிறத்தைச் சற்றே தள்ளிவைத்து, தாளின் சொரசொரப்பையும் சேர்த்து, ‘ரெட்ரோ’ என்கிறார்கள்.

அந்தப் பழைய லேபிளுக்கே திரும்புவோம். கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசிக்குத் தீப்பெட்டியைக் கொண்டுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படித்தான் அச்சுத் தொழிலும் இங்கே காலூன்றியது. எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கடையில் கேட்டு வாங்கலாம். லோகோ என்ற சொல் நமக்குப் பழகுமுன்பே லோகோ வேலை நடந்துவிட்டது. பக்கத்துக் கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜு வரைந்த சாமி படங்களும் சிவகாசியில் அச்சாகி, காலண்டராக வீடுவீடாகப் போயின.

அதே சிவகாசியின் பட்டாசுப் பெட்டியில் இப்போது பசுமைப் பட்டாசு முத்திரையும் க்யூஆர் கோடும் சேர்ந்திருக்கின்றன. 2019-இல் அறிமுகமானவை. பெட்டிப் படத்தில் உள்ள லட்சுமிக்கும் மயிலுக்கும் நடுவே அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்கு இடம் பிடிப்பது டிசைனருக்குத் தலைவலிதான். மினுமினுப்பை அதன்மேல் ஏற்றிவிட்டால் செல்போன் கேமரா படிக்கத் திணறும்.