தெருவைத் தொட்டா போதும்

ஸ்டாட்டிக் பக்கம்னா ரேஷன் கடை வாசல்ல ஒட்டின நோட்டீஸ் மாதிரி. சர்வர்ல ஒரு ஃபைல் இருக்கும். ராயபுரத்துல திறந்தாலும் எண்ணூர்ல திறந்தாலும் அதேதான் வரும். படிக்கலாம், பதில் எழுத முடியாது.

2015 டிசம்பர் வெள்ளம். நான் திருவொற்றியூர்ல, இன்ஜினியரிங் முதல் வருஷம். டிவியில 'வடசென்னை'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. எந்தத் தெருன்னு யாருக்குத் தெரியும்? அப்பதான் மேப்பாக்ஸ்ல வேலை பார்த்த அருண் கணேஷோட வெள்ள மேப் கண்ணுல பட்டுச்சு. தெருவைத் தொட்டா, 'இங்க தண்ணி நிக்குது'ன்னு பதிவாகும்.

உள்ளே நடக்கறது சிம்பிள். நீங்க தொட்ட தெருவோட அடையாள எண் சர்வருக்குப் போகும், டேட்டாபேஸ்ல உட்காரும். அடுத்து திறக்கிறவருக்கு அதையும் சேர்த்த மேப் வரும். 2004-ல இருந்து 'வெப் 2.0'ன்னு பெருசா பேசினது இதைத்தான்.

ஆனா தொடறதுக்கு முதல்ல கோடு இருக்கணுமே! தெருக்கள் வந்தது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல இருந்து. அதே 2004-ல ஸ்டீவ் கோஸ்ட் பிரிட்டன்ல ஆரம்பிச்சது; யார் வேணா வரையலாம். எங்க சந்தை நாங்க யாரும் வரையல. வீட்டு வாசல்ல முட்டி அளவு தண்ணி, மேப்ல வெறும் இடம்.

தண்ணி வடிஞ்சதும் அக்கவுன்ட் திறந்தேன். சாட்டிலைட் படத்து மேல மூணு சந்து வரைஞ்சேன். சாட்டிலைட்டுக்குப் பேர் தெரியாதே, ஆயாகிட்ட கேட்டேன். போர்டுல ஒரு பேர், ஆயா சொன்னது வேற. மாற்றுப் பேருக்குன்னு அங்க தனி இடம் இருக்கு. ரெண்டையும் போட்டுட்டேன்.