விரல் பழகினால் அறிவு வளருமா?

"பிள்ளையை வீணை வகுப்பில் சேர்த்துவிடுங்கள், கணக்கு தானாக வந்துவிடும்" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. இசைப் பள்ளிகளின் விளம்பரப் பலகைகளிலும் 'மூளை வளர்ச்சிக்கு' என்ற சொற்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. இசைக்கருவி பயில்வதால் மூளை மாறுகிறதா என்பது ஒரு வினா. அந்த மாற்றத்தை அறிவு வளர்ச்சி என்று கூறலாமா என்பது மற்றொரு வினா. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்வதே வழக்கமாகிவிட்டது. தனித்தனியே எடுத்துக் கொள்வோம்.

மூளை மாறுகிறது என்பதில் ஐயமில்லை. நம் உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெருமூளையின் மேற்பரப்பில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இடக்கையின் தொடுவுணர்வு வலப் பாதியிலும், வலக்கையின் உணர்வு இடப் பாதியிலும் பதிவாகும். இந்த ஒதுக்கீடு உறுப்பின் பருமனைப் பொறுத்தது அன்று. பரந்த முதுகுக்குக் கிடைப்பது சிறு இடம். விரல்களுக்கும் உதடுகளுக்கும் கிடைப்பதோ பெரிய இடம். எந்த உறுப்பால் நுட்பமான வேலை நடக்கிறதோ, அதற்கே அதிக நிலம்.

ஜெர்மானிய அறிஞர் தாமஸ் எல்பர்ட்டும் அவருடைய குழுவினரும் 1995ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். வயலின், செல்லோ, கிடார் வாசிக்கும் 9 பேரையும், எந்தக் கருவியும் பழகாத 6 பேரையும் அமர வைத்து, விரல் நுனிகளை மெல்லத் தொட்டு, அப்போது மூளையில் எழும் காந்தப்புலத்தை அளந்தார்கள். தந்திக் கருவி வாசிப்போரின் இடக்கை விரல்களுக்கு மூளையில் கூடுதலான இடம் இருந்தது. வலக்கையில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. காரணம் எளிதில் விளங்கும். வலக்கை வில்லைப் பிடித்து இழுக்கிறது. தந்தியின் மேல் ஒவ்வொரு விரலும் தனித்தனியே ஓடி இடமறிந்து அழுத்துவது இடக்கையில்தான். அந்த இடக்கையிலும், கருவியின் கழுத்தைத் தாங்கி நிற்கும் கட்டைவிரலின் மாற்றம் மற்ற விரல்களின் மாற்றத்தைவிடக் குறைவு. இளமையிலேயே பயிற்சி தொடங்கியவர்களிடம் மாற்றம் மிகுதியாக இருந்தது.

வீணைக் கலைஞர்கள் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை. மெட்டுகளின் மேல் ஓடுவதும் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதும் பெரும்பாலும் இடக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலுமே. அவர்களை அளந்து பார்த்தால் அந்த இரு விரல்களின் இடம் மட்டும் விரிந்திருக்குமோ என்று அறிய எனக்கு ஆவல் உண்டு.

அதே 1995ஆம் ஆண்டில் காட்ஃபிரீட் ஷ்லாக் என்பவர், மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தின் முன்பகுதி, 7 வயதுக்கு முன்பே பயிற்சி தொடங்கிய இசைஞர்களிடம் பெரிதாக இருப்பதைக் கண்டார். ஆனால், பிறவியிலேயே அத்தகைய மூளை அமைந்தவர்கள்தாம் இசைக்கு வருகிறார்களோ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் கிடைத்தது. சுமார் 6 வயதுக் குழந்தைகள் 15 மாதங்கள் விசைப்பலகைக் கருவி பயின்றார்கள். தொடக்கத்தில் அவர்களுக்கும் பயிலாத குழந்தைகளுக்கும் மூளை அமைப்பில் வேறுபாடு இல்லை. முடிவில் இருந்தது. கைகளை இயக்கும் பகுதியிலும் ஒலியை உணரும் பகுதியிலும் அம்மாற்றம் காணப்பட்டது.

இதில் மாயம் ஏதுமில்லை. ஒரே செயலைப் பலமுறை செய்யும்போது அதற்குரிய நரம்புச் செல்களிடையே உள்ள தொடர்புகள் வலுப்பெறுகின்றன. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள கொழுப்புறையும் தடிக்கலாம். உறை தடித்தால் செய்தி விரைந்து செல்லும்.

ஆயினும், மாற்றம் எல்லாம் நன்மையே என்று எண்ணிவிடக் கூடாது. அளவு கடந்த பயிற்சியால் சில இசைஞர்களுக்கு விரல்கள் சொன்னபடி கேளாமல் உள்நோக்கி மடங்கிக் கொள்கின்றன. கையில் காயம் இராது. மூளையில் விரல்களின் இடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதை இத்தகையோரிடம் கண்டிருக்கிறார்கள். புகழ்பெற்ற அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் ஃபிளைஷர் 1960களில் இந்நோயால் வலக்கையின் திறனை இழந்து, நெடுங்காலம் இடக்கைக்கென்று எழுதப்பட்ட இசையையே வாசித்து வந்தார்.

இனி நுண்ணறிவுக்கு வருவோம். 1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த சிறு சோதனை ஒன்று உலகெங்கும் பேசப்பட்டது. மோட்சார்ட்டின் இசையை 10 நிமிடம் கேட்டபின், வடிவங்களை மனத்தில் கண்டு விடுவிக்கும் புதிர்களில் அவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். அந்த விளைவு கால் மணி நேரத்துக்குமேல் நிலைக்கவில்லை என்பதைப் பலர் கவனிக்கவே இல்லை. 1998ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு வழங்க அரசுப் பணம் கேட்கும் அளவுக்குப் போயிற்று! மறு ஆண்டே வேறொரு சோதனையில், இசையைவிடக் கதையை விரும்பியவர்கள் கதை கேட்டபின் அதே புதிர்களை நன்றாகச் செய்தார்கள். மனம் விரும்பியதைக் கேட்டால் உற்சாகம் பிறக்கிறது, அவ்வளவே.

கேட்பது வேறு, பயில்வது வேறு என்பீர்கள். உண்மைதான். 2004ஆம் ஆண்டு கனடாவைச் சேர்ந்த கிளென் ஷெல்லன்பர்க் 144 குழந்தைகளைப் பிரித்துச் சிலருக்கு விசைப்பலகையும், சிலருக்குப் பாட்டும், சிலருக்கு நாடகமும் கற்பித்தார். எஞ்சியோருக்கு எதுவும் கற்பிக்கவில்லை. ஓராண்டுக்குப் பின் எல்லாருடைய நுண்ணறிவு ஈவும் உயர்ந்தது. இசை பயின்றோருக்கு ஏறத்தாழ 7 புள்ளிகள். மற்றவர்களுக்கு 4 புள்ளிக்குச் சற்று மேல். வேறுபாடு 3 புள்ளிகூட இல்லை. நாடகம் பயின்றவர்களோ பிறருடன் பழகும் பண்பில் முன்னேறினார்கள். இசை பயின்றோரிடம் அது காணப்படவில்லை. இதை ஏனோ எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

அந்தச் சிறு வேறுபாடும் பிற்கால ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. 2020ஆம் ஆண்டு, ஏறக்குறைய 7,000 குழந்தைகள் பங்கேற்ற 54 ஆய்வுகளை ஒருங்கே எடைபோட்டுப் பார்த்தபோது, செம்மையாக நடத்தப்பட்ட ஆய்வுகளில் பயன் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று தெரிந்தது. சுவீடன் நாட்டு இரட்டையரிடம் நடத்தி 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவர் மற்றவரைவிட மிகுதியாகக் கருவி பயின்றிருந்தாலும், நுண்ணறிவில் அவர் மேம்பட்டிருக்கவில்லை.

அப்படியானால் இசை வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகள் பள்ளியிலும் முன்னணியில் இருப்பதாகத் தோன்றுவது ஏன்? வகுப்புக்குக் கட்டணம் கட்டும் வீடு, புத்தகமும் வாங்கித் தரும் வீடு. பெற்றோரின் கல்வியும் வருவாயும் இரண்டுக்கும் பின்னால் நிற்கின்றன. காரணம் வீட்டில் இருக்க, பெருமை கருவிக்குப் போகிறது. நம்மைப் போன்ற அரசுக் கல்லூரி மாணவர்கள் இதை அழுத்தமாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பேன். இளமையில் இசை வகுப்பின் வாசலை மிதித்திராத நம்மில் பலர், அறிவில் எதையோ இழந்துவிட்டதாக எண்ண ஆதாரம் ஏதுமில்லை.

இனிக் கற்க ஆசைப்பட்டால் மூளை இடம் தருமா? இளமைக்குரிய நெகிழ்ச்சி குறைந்திருக்கும். ஆனால் கதவு மூடப்படவில்லை. பாஸ்குவல்-லியோன் என்னும் நரம்பியல் அறிஞர் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், முன்பு பியானோவே வாசித்திராத பெரியவர்கள் நாளொன்றுக்கு 2 மணி நேரம் வீதம் 5 நாள் ஒரு விரற்பயிற்சியைச் செய்தார்கள். அந்த 5 நாளிலேயே விரல்களை இயக்கும் மூளைப்பகுதி விரிந்தது. மற்றொரு குழுவினர் பியானோவின் முன் அமர்ந்து, விரலை அசைக்காமல், வாசிப்பதாக மனத்தில் எண்ணிக்கொண்டார்கள். அவர்கள் மூளையிலும் அந்தப் பகுதி விரிந்தது. பிறகு 2 மணி நேரம் மட்டும் உண்மையாக வாசித்துப் பழகியதும், 5 நாள் வாசித்தவர்களுக்கு ஈடாக அவர்கள் விரல்கள் ஓடின.